எல்லா மாணவருக்கும் எட்டும் பாடம்: தடைகளை முன்கூட்டியே நீக்கித் திட்டமிடும் முறை

பெரும்பாலான பாடக்குறிப்புகள் ஒரே ஒரு மாணவரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. அந்த மாணவருக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரியும். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினாலும் காதில் விழும். அச்சிட்ட பக்கத்தைத் தங்குதடையின்றி வாசிப்பார். சொல்லச் சொல்ல எழுதிவிடுவார். பாடவேளை முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். வகுப்பில் புழங்கும் மொழியையே வீட்டிலும் பேசுவார். இவை அனைத்தும் ஒருங்கே பொருந்துகிற மாணவர்கள் எந்த வகுப்பிலும் குறைவுதான். பொருந்தாதவர்களுக்குப் பாடம் தொடங்கிய பிறகு அவசர ஏற்பாடுகள் செய்கிறோம். அதற்குள் அவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்னும் அணுகுமுறை இந்த வரிசையை மாற்றுகிறது. மாணவர்கள் பலவிதமானவர்கள் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, பாடத்தைத் திட்டமிடும்போதே தடைகளை நீக்கச் சொல்கிறது.

இதன் வேர் கட்டடக்கலையில் இருக்கிறது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், கட்டடங்களும் பொருள்களும் பின்னால் மாற்றியமைக்கத் தேவையின்றித் தொடக்கத்திலேயே இயன்றவரை எல்லாருக்கும் பயன்படும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் இக்கருத்தைக் கல்விக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2024இல் வந்தது. மாணவரைப் பாடத்தில் ஈடுபடுத்துவது, பாடப்பொருளை முன்வைப்பது, கற்றதை மாணவர் வெளிப்படுத்துவது ஆகிய மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருக்க வேண்டும் என்பதே அந்நெறிகளின் சாரம். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, எல்லா நிலைகளிலும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை உறுதிசெய்யுமாறு நாடுகளைக் கேட்கிறது. ஆகவே இது ஆசிரியரின் தனிப்பட்ட கருணையைச் சார்ந்த செயலன்று. மாணவருக்குரிய உரிமையை வகுப்பறையில் நடைமுறைப்படுத்தும் வேலை.

சராசரி மாணவர் என்று ஒருவரைக் கருதிக்கொண்டு திட்டமிடுவதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு, 1950இல் அமெரிக்க விமானப்படை எடுத்த அளவீட்டைச் சுட்டிக்காட்டலாம். விமானி அறையின் வடிவமைப்பை ஒட்டி 4,063 விமானிகளின் உடலளவுகள் எடுக்கப்பட்டன. முக்கியமான 10 அளவுகளிலும் சராசரி வரம்புக்குள் வந்தவர் ஒருவர்கூட இல்லை. இருக்கை முதலானவற்றை ஆளுக்கேற்ப நகர்த்தும்படி அமைப்பதே அதற்குத் தீர்வாயிற்று. உடலளவிலேயே இப்படியென்றால், கவனம், நினைவாற்றல், மொழி, முன்னறிவு ஆகியவற்றில் வேறுபாடு எவ்வளவு இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இலக்கையும் வழிமுறையையும் பிரித்தெழுதுங்கள்

முதல் வேலை, பாடத்தின் இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. இங்கேதான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. ‘இதயத்தில் இரத்த ஓட்டம் குறித்து மாணவர் ஒரு பக்கக் கட்டுரை எழுதுவார்’ என்று எழுதினால், இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்வதும் ஒரு பக்கம் கையால் எழுதுவதும் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன. இரண்டாவதில் தடுமாறும் மாணவர் முதலாவதை நன்கு அறிந்திருந்தாலும் தோற்றுப்போகிறார். அதையே ‘உடலிலிருந்து வரும் இரத்தம் இதயத்தின் நான்கு அறைகள் வழியாகச் செல்லும் பாதையை மாணவர் வரிசை பிறழாமல் விளக்குவார்’ என்று எழுதிப் பாருங்கள். விளக்குவது பேச்சாலா, எழுத்தாலா, மாதிரியாலா, சைகை மொழியாலா என்பது திறந்தே இருக்கிறது. ஆனால் வரிசை பிறழக்கூடாது என்ற கண்டிப்பு தளரவில்லை.

எழுதுவதே இலக்காக இருக்கும் பாடங்களும் உண்டு. கட்டுரை எழுதக் கற்பிக்கும்போது எழுத்துக்குப் பதிலாகப் படம் வரையச் சொல்வது மாணவரை ஏமாற்றுவதாகும். அங்கே திட்டமிடும் சட்டகம், தொடக்க வாக்கியங்கள், சொற்பட்டியல், கணினியில் தட்டச்சு செய்யும் வாய்ப்பு போன்ற துணைகளைத் தரலாமே ஒழிய இலக்கை மாற்றக்கூடாது. எது இலக்கு, எது வெறும் வழக்கம் என்று பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால், மற்ற மாற்றங்களை எங்கே செய்யலாம் என்பது தானாகவே தெளிவாகும். இந்த அணுகுமுறையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடியுங்கள் என்பேன்.

தடை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

அடுத்து, பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை மனத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கட்டமும் மாணவரிடம் எதைக் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவரின் குறையைத் தேடாமல் பாடத்திலுள்ள தடையைத் தேடுவது இங்கே முக்கியம். மேற்சொன்ன இதயப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பாடநூலில் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் இருக்கும். ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் சிவப்பிலும், ஆக்சிஜன் குறைந்தது நீலத்திலும் காட்டப்பட்டிருக்கும். அப்படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து வகுப்பில் கொடுத்தால் இரண்டு நிறங்களும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். படம் சொல்ல வந்த செய்தியே காணாமல் போய்விடும். நிறத்தோடு கோட்டின் வகையையும் வேறுபடுத்தி, ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தால், நகலிலும் விளங்கும், நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்கும் விளங்கும்.

அதே படத்தில் இன்னொரு தடையும் மறைந்திருக்கிறது. நம்மை நோக்கி நிற்கும் ஒருவரின் இதயமாக அது வரையப்படுவதால், இதயத்தின் இடப்பக்கம் தாளின் வலப்பக்கத்தில் வரும். இது கூர்ந்த பார்வையுள்ள மாணவரையும் குழப்பும். படத்தை மாணவரின் மார்பின்மேல் வைத்து, முகப்பு வெளிநோக்கி இருக்கும்படி பிடிக்கச் சொன்னால், படத்தின் இடம் அவருடைய இடத்தோடு பொருந்திவிடும். செலவே இல்லாத இந்தச் செயல் ஒரு சிலருக்காக மட்டும் தேவைப்படுவதன்று.

பார்வையற்ற மாணவருக்கு இப்படம் வெறும் வழவழப்பான தாள். தடித்த அட்டையில் அறைகளின் எல்லைகளைப் பசையால் வரைந்து உலரவிட்டால் விரலுக்குத் தட்டுப்படும் மேடான கோடுகள் கிடைக்கும். பாதைகளில் ஒன்றுக்குச் சொரசொரப்பான கயிற்றையும் மற்றதற்கு வழவழப்பான நாடாவையும் ஒட்டலாம். இந்த அட்டையை வகுப்பு முழுவதும் கைமாற்றிப் பயன்படுத்துங்கள். இன்னொரு வழி, தரையில் நான்கு அறைகளையும் நுரையீரலையும் உடலையும் பெரிதாக வரைந்து, மாணவரையே இரத்தத் துளியாக நகரவைப்பது. உடலிலிருந்து வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை, மீண்டும் உடல் என்று செல்லும்போது, நுரையீரலில் நீல அட்டையைக் கொடுத்துவிட்டுச் சிவப்பு அட்டையைப் பெற வேண்டும். சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குப் பாதை அகலமாக இருக்கட்டும். ஒவ்வோர் இடத்தையும் மாணவர் வாய்விட்டுச் சொல்லட்டும். தமனி என்றாலே ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுசெல்வது என்று மனப்பாடம் செய்தவர், வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் நுரையீரல் தமனி வழியாக நீல அட்டையோடு செல்லும்போது தானே நின்று கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியே பாடத்தின் மையம்.

கொடுக்கும் ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

வகுப்பறையில் கவனமாக இருக்கும் ஆசிரியர்களும் கோப்புகளில் தவறவிடுவதுண்டு. நூலின் பக்கத்தை ஒளிப்படமாக எடுத்துப் பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால், திரையிலுள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது சொற்களற்ற வெறும் படமாகவே கிடைக்கிறது. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் கொண்டு உரையாக மாற்றி, பிழை திருத்திய பிறகே அனுப்ப வேண்டும். தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் அழகாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். திரைவாசிப்பான் அவற்றையே உளறும். யூனிகோடில் தட்டச்சு செய்வதும் பழைய கோப்புகளை மாற்றி வைப்பதும் ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவதன் மூலம் மட்டும் காட்டாமல், மென்பொருளிலுள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால், திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லலாம். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்றுரையை எழுதும்போது ‘இதயத்தின் படம்’ என்று நிறுத்திவிடாமல், அந்தப் படத்திலிருந்து மாணவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை ஓரிரு வாக்கியங்களில் எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு, இணைய உள்ளடக்க அணுகல் நெறிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இதை அளந்து காட்டும் இலவசக் கருவிகள் உள்ளன. காணொளிகளுக்குத் துணையெழுத்து கட்டாயம். தானியங்கித் துணையெழுத்து கலைச்சொற்களில்தான் அதிகம் தவறுகிறது. பாடத்தின் உயிர் கலைச்சொற்களில் இருப்பதால் திருத்தாமல் விடக்கூடாது. செவித்திறன் குறைந்தவர்களுக்காகச் சேர்க்கப்படும் துணையெழுத்தை, அந்த மொழி புதிதான மாணவரும் இரைச்சலான வீட்டில் படிக்கும் மாணவரும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

பேச இடமும் நேரமும் கொடுங்கள்

ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் பதிவுசெய்தார். அதை 3 விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். 3 விநாடி மௌனம் ஆசிரியருக்கு நெடுநேரமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள். கேள்வியைப் பலகையிலும் எழுதிவிட்டு, முதலில் பக்கத்திலிருப்பவரோடு பேசச் சொல்லி, பிறகு வகுப்பில் கேட்டால், திக்கிப் பேசுபவருக்கும் கூச்சமுள்ளவருக்கும் ஒத்திகை கிடைக்கிறது.

அன்றைய வேலைகளின் வரிசையைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பதும், வழக்கத்தில் மாற்றம் வந்தால் முன்கூட்டியே சொல்வதும் ஆட்டிச நிலையுள்ள மாணவருக்குப் பெரும் உதவி. தெரிவுகள் தருவது நல்லதுதான். ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் போனால் தேர்ந்தெடுப்பதே தனிச்சுமையாகிவிடும்.

மதிப்பீட்டில் எதை அளக்கிறீர்கள்

தேர்வின் ஒவ்வொரு வினாவுக்கும் இலக்கைத் தவிர வேறு எதை அது அளக்கிறது என்று பாருங்கள். வேகம் இலக்கின் பகுதியாக இல்லையென்றால், கூடுதல் நேரத்தை விண்ணப்பித்துப் பெற்றவருக்கு மட்டும் என்று வைக்காமல், எல்லாரும் நிதானமாக முடிக்கும் நீளத்தில் வினாத்தாளை அமைக்கலாம். கணக்கு வினாவில் சுற்றிவளைத்த வாக்கியம் வாசிப்புத் திறனை அளக்கிறதே அன்றிக் கணக்கை அளப்பதில்லை. ஒருவர் வாய்மொழியாகவும் மற்றொருவர் எழுத்திலும் விளக்குகிறார்கள் என்றால், இருவருக்கும் மதிப்பெண் அளவுகோல் ஒன்றே: நான்கு அறைகளும் வந்தனவா, வரிசை சரியா, நுரையீரலில் நிகழும் மாற்றம் சொல்லப்பட்டதா. கையெழுத்தின் அழகும் பேச்சின் சரளமும் அந்தப் பட்டியலில் இடம்பெறக் கூடாது. அளவுகோலை முன்னதாகவே மாணவர் கையில் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று வகைபிரித்து, அவரவர்க்கு ஒரே வழியை ஒதுக்குவது இந்த அணுகுமுறையன்று. அப்படிப் பொருத்திக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. அது புதிய சுவர்களை எழுப்புவதில் போய் முடியும். எல்லா வழிகளும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, பொது வடிவமைப்பு எவ்வளவு சிறந்திருந்தாலும் தனிப்பட்ட உதவிகளுக்கு மாற்றாகாது. பிரெயில் நூலும், சைகைமொழி பெயர்ப்பாளரும், தேர்வில் சொல்வதை எழுதுபவரும் தேவைப்படும் மாணவருக்குத் தேவைதான். ‘வகுப்பே அனைவருக்குமானதாகிவிட்டது’ என்று சொல்லி அவற்றை நிறுத்துவது அநீதி.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்ற முயன்றால் சோர்வுதான் மிஞ்சும். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அதிகம் தடுமாறும் ஒரு பாடத்தை எடுத்து, அவர்கள் தடுமாறும் அந்தக் கட்டத்தில் இப்போதுள்ள வழியோடு இன்னொரு வழியை மட்டும் சேர்த்துத் தொடங்குங்கள். பாடம் முடிந்ததும் எது உதவியது, எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மாணவர்களிடம் பேச்சிலோ எழுத்திலோ பெயர் குறிப்பிடாமல் கேட்டு, விடைகளைப் பாடக்குறிப்பின் ஓரத்திலேயே எழுதி வைத்து, அடுத்த முறை அதே பாடத்தைத் திட்டமிடும்போது அந்த ஓரக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.