இடைக்கால வேல்ஸில் கதை எழுதுகிறீர்களா? இந்த இடங்களில் சறுக்காதீர்கள்

புதிதாக எழுதுகிற நாலு பேர் போன மாதம் தங்கள் நாவல் பிரதிகளை அனுப்பியிருந்தார்கள். நாலுமே 13ஆம் நூற்றாண்டு வேல்ஸில் நடக்கிற கதைகள். தமிழில் இந்தக் களத்துக்கு இத்தனை பேர் வருகிறார்களே என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் அதில் மூன்று பிரதிகளில், பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு அப்படியே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். 13ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு வேகவைக்கிற மாதிரியான தவறுகளை நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பட்டத்து இளவரசன்

நாம் சரித்திரக் கதை படித்து வளர்ந்த விதம் அப்படி. அரசனுக்கு மூத்த மகன் என்றால் பட்டத்து இளவரசன். முறையான மனைவிக்குப் பிறக்காதவன் என்றால் ஒதுக்கப்பட்டவன், அந்த அவமானத்திலேயே குமுறிக்கொண்டிருப்பவன். என் முதல் நாவலில் கிரிஃபித்தை நான் அப்படித்தான் எழுதினேன். வட வேல்ஸில் இருந்த க்வினெத் அரசை ஆண்ட லிவெலின் அப் யோர்வெர்த்தின் மூத்த மகன், திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். 'உனக்கு ஏது உரிமை' என்று அரண்மனையே அவனை ஏளனம் செய்வதாக 280 பக்கம், பதினான்கு மாத உழைப்பு. வெல்ஷ் சட்ட நூல்களில் ஊறிய நண்பர் ஒருவர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அப்பா அவனை மகன்னு ஒத்துக்கிட்டார் இல்ல? அப்புறம் எதுக்கு இவன் அழுறான்?"

பிரதி முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

10ஆம் நூற்றாண்டு அரசர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் வெல்ஷ் சட்டப்படி, தகப்பன் நிலம் எல்லா மகன்களுக்கும் பிரியும். தகப்பன் மகன் என்று ஏற்றுக்கொண்டால் போதும், தாய்க்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்தச் சட்ட நூல் ஒன்று இந்த இடத்தில் திருச்சபையோடு நேராகவே மோதுகிறது: மணமான மனைவியின் மூத்த மகனுக்கு மட்டும் என்கிறது திருச்சபை, தகப்பன் செய்த பாவத்துக்கு மகனின் பங்கைப் பறிக்கக் கூடாது என்கிறது ஹவெலின் சட்டம். பங்கு பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கடைசித் தம்பி பிரிக்க வேண்டும், மூத்தவர் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். பிரிக்கிறவர் ஏமாற்ற முடியாது, பாருங்கள்.

அரசுரிமைக்கு மட்டும் 'எட்லிங்' என்று வாரிசு ஒருவர் உண்டு. அவர் மூத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்காக மற்ற சகோதரர்கள் சும்மா இருந்துவிடுவதும் இல்லை, 'எங்கள் பங்கு எங்கே' என்று வாளோடு வந்து நிற்பார்கள்.

இப்போது அதே கதையைத் திருப்பிப் பாருங்கள். உரிமையை நிரூபிக்க அலைய வேண்டியிருந்தது கிரிஃபித்துக்கு இல்லை, லிவெலினின் மனைவியும் இங்கிலாந்து அரசர் ஜானின் மகளுமான ஜோனுக்கு முறைப்படி பிறந்த இளையவர் தாவித்துக்குத்தான்! அவருக்காக லிவெலின் 1220இல் இங்கிலாந்து அரசரின் ஒப்புதல் வாங்கினார், 1222இல் போப்பாண்டவரின் உறுதி வாங்கினார். ஜோனே மணஉறவுக்கு வெளியே பிறந்தவர் என்பதால், 1226இல் அவருடைய பிறப்பையும் போப்பாண்டவரைக் கொண்டு முறைப்படுத்தினார். 1238இல் இளவரசர்களையெல்லாம் கூட்டி தாவித்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வைத்தார். தன் நாட்டுச் சட்டத்தை மீறப் போகிறோம் என்று தெரிந்த ஒரு தகப்பன் பதினெட்டு வருடம் பட்ட பாடு இது. இதை விட்டுவிட்டு அழுகிற இளவரசனை எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கிரிஃபித்தின் முடிவு தெரிந்ததுதான். 1244 மார்ச் 1, புனித தாவித் திருநாள், லண்டன் கோபுரச் சிறையிலிருந்து துணிகளை முடிச்சுப்போட்டு இறங்கும்போது கயிறு அறுந்து விழுந்து இறந்தார். தாவித்தும் 1246இல் வாரிசில்லாமல் போய்ச் சேர, க்வினெத் கிரிஃபித்தின் பிள்ளைகளுக்கே வந்தது. அவர்களில் ஒருவரான இன்னொரு லிவெலின் 1255இல் பிரின் டெர்வின் போரில் சகோதரர்களைத் தோற்கடித்து, அண்ணன் ஒவைனை இருபது வருடத்துக்கும் மேல் சிறையில் வைத்தார். 1267இல் இங்கிலாந்து அரசரே வேல்ஸின் இளவரசர் என்று ஒப்புக்கொண்டது இவரைத்தான். இவருடைய தம்பி, இன்னொரு தாவித்தோ 1274இல் இவரைக் கொல்லவே சதி செய்தார், பனிப்புயல்தான் கெடுத்தது. இவ்வளவுக்கும் விதை அந்தப் பங்குச் சட்டம். அதைப் படிக்காமல் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.

கான்வி கோட்டை

வட வேல்ஸின் கான்வியில் 1283க்கு முன்னால் கோட்டை கிடையாது, துறவிமடம்தான் இருந்தது.

பெயர்களை ஆங்கிலக் கண்ணால் படிப்பது

தாவித், க்வினெத் என்பவற்றை 'டஃபிட்', 'க்வைனெட்' என்று எழுதுகிறார்கள். வெல்ஷில் இரண்டு டி சேர்ந்து வந்தால் நம் 'அது' என்பதில் வரும் மெல்லிய த. ஒற்றை எஃப் என்றால் வ. ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து இதற்கு நன்றாகவே ஒத்துவரும், அதைப் பயன்படுத்துங்கள். 'அப்' என்றால் 'மகன்', அது குடும்பப் பெயர் இல்லை. மகளுக்கு 'வெர்க்'. இளவரசியை 'அப்' போட்டு அழைத்த பிரதியும் வந்தது.

இன்றைய அகராதி

'டெய்லி' என்றால் இன்று குடும்பம். அன்று அரசரின் மெய்க்காவல் படை. குடும்பத்தோடு போருக்குப் போனதாக எழுதிவிடாதீர்கள்.

எல்லா வெல்ஷ்காரரும் ஒரே அணி

இல்லை. 1277இல் இங்கிலாந்து அரசர் எட்வர்ட், கிரிஃபித்தின் மகன் லிவெலின்மேல் படையெடுத்தபோது அவருடைய காலாட்படையில் பாதிக்கும் மேல் வெல்ஷ்காரர்கள்.

ஜெரால்டை மட்டும் நம்புவது

1188இல் வேல்ஸைச் சுற்றிவந்த ஜெரால்ட் பாதிரியார் இல்லாமல் யாராலும் எழுத முடியாது. பச்சை ஹேசல் குச்சியால் பல் துலக்கிக் கம்பளித் துணியால் தேய்ப்பார்கள் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் வேல்ஸைப் பற்றிய அவருடைய வர்ணனை நூலில் முதல் பாகம் புகழ்ச்சி, இரண்டாம் பாகம் குற்றச்சாட்டு. அதே இரண்டாம் பாகத்தின் கடைசியில் இந்த மக்களை எப்படி வெல்லலாம் என்றும் சொல்கிறார், இவர்கள் எப்படி எதிர்த்து நிற்கலாம் என்றும் சொல்கிறார். பாட்டி வழியில் வெல்ஷ், மற்றபடி நார்மன் ரத்தம். இரண்டு பாகத்தையும் படியுங்கள்.