குடியிருந்த பாய்மரப் படகை விற்பது எப்படி: ஒரே படகை இரண்டு முறை விற்ற அனுபவம்

ஐந்து வருடம் குடும்பமாக வாழ்ந்த படகை விற்றுவிட்டோம். சரியாகச் சொன்னால் இரண்டு முறை விற்றோம். முதல் முறை விலை பேசி, முன்பணம் வந்து, சர்வே (வாங்குபவருக்காக ஒரு நிபுணர் படகைச் சோதிப்பது) முடிந்து, கடைசியில் ஒரே ஒரு ரசீது இல்லாமல் முறிந்துபோனது. இரண்டாவது முறைதான் கை மாறியது. இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். படகின் அடியில் இருக்கும் கனமான கீல் எது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளான ரிக்கிங் எது என்று நீட்டி விளக்கப் போவதில்லை. விற்கும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் அதெல்லாம் உங்களுக்கே அத்துப்படி.

எங்களுடையது 1987இல் கட்டிய 42 அடி ஃபைபர்கிளாஸ் படகு. வாங்கியதும் கரையேற்றி, இரண்டு வருடம் பிரித்துப் போட்டுச் சீரமைத்தோம். பிறகு நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வீடு.

படி 1: முதலில் நீங்கள் இறங்குங்கள்

ஆள் குடியிருக்கும் படகைக் காட்டி விற்பது கஷ்டம். பார்க்க வருகிறவர் லாக்கரைத் திறந்தால் பிள்ளைகளின் பொம்மைகள் சரிந்து விழுகின்றன. அவர் தேடுவது அதற்கு அடியில் இருக்கும் கீல் போல்ட்டை. முடிந்தால் முழுவதும் காலி செய்துவிட்டு விளம்பரம் போடுங்கள். படுக்கைத் துணி, புத்தகம், சமையல் சாமான், கைப்பிடிக் கம்பிகளில் பிள்ளைகளுக்காகக் கட்டிய வலை எல்லாமே இறங்கட்டும். வலையை அவிழ்த்த அன்று டெக் இவ்வளவு அகலமா என்று எங்களுக்கே ஆச்சரியம்.

அடுத்தது வாடை. நம் வீட்டு வாடை நம் மூக்குக்குத் தெரியாது. இரண்டு வாரம் வெளியே தங்கிவிட்டு ஒருநாள் படிக்கட்டுக் கதவைத் திறந்தபோதுதான் டீசல், ஈரத் துணி, கழிவறை மூன்றும் கலந்து முகத்தில் அடித்தது. வாசனை ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

கழிவறைக் குழாய்களைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் குழாயின் சுவர் வழியாகவே கசிகிறது என்று பொருள். எவ்வளவு கழுவினாலும் போகாது, மாற்றத்தான் வேண்டும். நாங்கள் மூன்று குழாய் மாற்றினோம். அருவருப்பான வேலைதான், ஆனால் மொத்த விற்பனையிலும் செலவழித்த காசுக்கு அதிகப் பலன் தந்தது அதுதான்.

தரைப்பலகைக்கு அடியில் நீர் தேங்கும் பள்ளமான பில்ஜுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது வேறு சிலர் செய்யும் தவறு. துடைத்துக் காயவைத்தால் போதும். பளபளக்கும் பில்ஜைப் பார்த்தால் சர்வேயருக்குச் சந்தேகம்தான் வரும்.

படி 2: விலை

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. சீரமைக்கச் செலவழித்த தொகையை வாங்கிய விலையோடு கூட்டி விலை சொல்லாதீர்கள், அந்தப் பணம் திரும்பாது. புதிய ரிக்கிங், நல்ல பாய்கள், ஆரோக்கியமான இன்ஜின் இருந்தால் வாங்குபவருக்கு விலை குறைத்துக் கேட்கக் காரணம் குறையும், அவ்வளவுதான். சோலார் பேனலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நீர் சுத்திகரிப்பானும் அவருக்கு ஆசை காட்டும், விலையை அதிகம் ஏற்றாது.

இணையத்தில் நாம் பார்ப்பது கேட்கும் விலை. உண்மையில் விற்ற விலைகள் புரோக்கர்களிடம்தான் இருக்கும். நீங்களே விற்பதாக இருந்தாலும் ஒரு புரோக்கரைக் கூப்பிட்டு மதிப்பிடச் சொல்லுங்கள். எங்கள் மனக்கணக்குக்கும் அவர் சொன்னதற்கும் இருந்த இடைவெளியில் ஒரு நல்ல டிங்கி (கரைக்குப் போய்வரும் சிறு படகு) வாங்கியிருக்கலாம்.

படி 3: ஃபைல் (இங்கேதான் நான் விழுந்தேன்)

முதல் முறை எல்லாம் சுமுகமாகப் போனது. சர்வே அறிக்கையில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது: ‘நிலை ரிக்கிங்கின் வயது உரிமையாளர் சொன்னது; ஆவணம் காட்டப்படவில்லை.’ நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் மாற்றிய கம்பிகள்தானே, பார்த்தாலே தெரியுமே!

வாங்குபவரின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியவில்லை. ஸ்டெயின்லெஸ் கம்பி ரிக்கிங் பத்து வருடத்தைத் தாண்டினால் பல நிறுவனங்கள் மாற்றச் சொல்லும், அல்லது ரிக்கரின் (ரிக்கிங் வேலை செய்பவர்) ஆய்வறிக்கை கேட்கும். காரணம் இருக்கிறது. அழுத்திப் பொருத்திய முனைகளுக்குள் உப்புநீர் இறங்கினால் அரிப்பு உள்ளேயே நடக்கும், வெளியே கம்பி மின்னிக்கொண்டிருக்கும். போதாததற்குச் சர்வேயர்கள் பெரும்பாலும் பாய்மரத்தில் ஏறுவதில்லை, டெக்கில் நின்று பார்த்து எழுதுவார்கள். எனவே ரசீது இல்லாத ரிக்கிங் இன்சூரன்ஸ்காரர் கண்ணுக்குப் படகின் வயதுதான். எங்களுடையது 1987!

எனக்கு அந்த வேலையைச் செய்து தந்தவர் ஒரு நங்கூரத் துறையில் சந்தித்த ரிக்கர். கைமேல் காசு கொடுத்தேன், கைகுலுக்கினோம், அவர் தன் படகில் கிளம்பிப் போய்விட்டார். ரசீது கேட்கத் தோன்றவே இல்லை. வாங்க வந்தவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் கடனும் இல்லை, படகு நிறுத்தும் மரினாவில் இடமும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

பிறகு அதை எப்படிச் சரிசெய்தேன்: கம்பியும் முனைகளும் ஆர்டர் செய்த மின்னஞ்சல் பழைய அஞ்சல்பெட்டியில் இருந்தது. பழைய கம்பிகளை டெக்கில் சுருட்டி வைத்து எடுத்த படம் தேதியோடு போனில் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வேறொரு ரிக்கரிடம் போய் எழுத்தில் ஆய்வறிக்கை வாங்கினேன். நல்லவேளை, எங்கள் முனைகள் ஸ்டா-லாக் வகை. கழற்றி உள்ளே பார்த்துத் திரும்பப் பூட்டலாம். அவர் இரண்டைத் திறந்து பார்த்துப் படத்தோடு எழுதிக்கொடுத்தார். ரிக்கிங் மாற்றப் போகிறவர்களுக்கு இதற்காகவே அந்த வகையைச் சிபாரிசு செய்வேன்.

அன்றே மொத்தப் படகுக்கும் ஃபைல் போட உட்கார்ந்தேன். ஹல் (படகின் உடல்), ரிக்கிங், இன்ஜின், மின்சாரம், குழாய்கள், பாதுகாப்பு என்று ஆறு பிரிவு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன, எப்போது, யார் செய்தது, ரசீது எங்கே, படம் எங்கே. இதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம், சாதாரண விரிதாள் போதும். நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதி வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமைதான், ஆனால் அதை வாங்குபவருக்கு அனுப்ப முடியாது.

பலகைக்குப் பின்னால் மறைந்துபோகும் எதையும் மூடுவதற்கு முன் படம் எடுங்கள். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் செயின்பிளேட் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சர்வேயர் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார், உங்கள் படத்தைத்தான் பார்ப்பார். வாங்கும்போதே இதைத் தொடங்கியிருக்க வேண்டும். விற்கும்போது செய்தால் எனக்கு ஆனதுபோல மூன்று வாரம் ஆகும்.

இதே ஃபைலில் உரிமைச் சங்கிலியும் இருக்கட்டும். முதல் உரிமையாளரிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு விற்பனைப் பத்திரம், பதிவுச் சான்று, கடன் இருந்திருந்தால் அடைத்ததற்கான கடிதம். ஹல்லில் பொறித்த அடையாள எண் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். எங்கள் பழைய பத்திரம் ஒன்றில் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ’ எழுத்து இருந்தது.

படி 4: பட்டியல்

படகோடு போவது, போகாதது என்று இரண்டு பட்டியல். டிங்கி, அதன் மோட்டார், உயிர்காப்பு மிதவை, உதிரி பாகங்கள் எதில் வருகின்றன என்று எழுதிவிடுங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்று வாயால் சொல்லாதீர்கள்.

படி 5: படங்கள்

காலையில், ஆளில்லாமல், எல்லா விளக்கையும் போட்டு எடுங்கள். போனின் அகலக் கோண லென்ஸ் வேண்டாம். அறை மண்டபம் மாதிரி தெரியும், நேரில் வருகிறவர் ஏமாந்த முகத்தோடு நிற்பார். சூரிய அஸ்தமனப் படம் ஒன்று போதும். இன்ஜின் அறை, பில்ஜ், மின்பலகையின் பின்பக்கம் இவற்றுக்கு நிறையப் போடுங்கள். வாங்கும் எண்ணத்தோடு பார்ப்பவர் அங்கேதான் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

படி 6: புரோக்கரா, நாமேவா?

கமிஷன் பெரும்பாலும் 10 சதவீதம் வரும். வலிக்கும்தான். ஆனாலும் நீங்கள் படகைவிட்டுத் தூரத்தில் இருக்கப் போகிறீர்கள் என்றால் புரோக்கர்தான் என் கட்சி. பக்கத்திலேயே இருந்தால் நீங்களே விற்கலாம், பணத்தை மட்டும் மூன்றாமவர் வைத்திருக்கும் நடுநிலைக் கணக்கு வழியாக வாங்குங்கள். சொன்ன விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, ‘மீதியைப் படகை ஏற்றிச் செல்லும் ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். பழைய மோசடி. நீங்கள் பணம் அனுப்பிய பிறகு அந்தக் காசோலை திரும்பி வரும்.

படி 7: சர்வேயும் கடல் ஓட்டமும்

சர்வேக்கும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்கும் வாங்குபவர்தான் பணம் கொடுப்பது வழக்கம். நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாததுதான் அதிகம்.

இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தேன். சர்வேயர் முதல் வேலையாக இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, ‘குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதைப் பார்க்கத்தானே வந்தேன்’ என்றார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

முந்தைய வாரம் புரொப்பெல்லரைச் சுத்தம் செய்யுங்கள். முழு வேகத்தில் இன்ஜின் தன் உச்ச சுழற்சியைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். சிப்பி ஒட்டியிருந்தால் தொடாது, பழி இன்ஜின் மேல் விழும்.

பிறகு எங்கள் பலகை விவகாரம். பிள்ளைகளின் உயரத்தை வருடா வருடம் பென்சிலால் குறித்துவைத்த ஒரு பலகையை மனைவி கழற்றிக்கொண்டு, அதே அளவில் புதியது ஒன்றைப் பொருத்திவிட்டாள். நிறம் கொஞ்சம் வேறு. சர்வேயர் அங்கேயே நின்றுவிட்டார். டார்ச் அடித்தார், சுத்தியல் பிடியால் தட்டினார், ஈரமானியை வைத்தார். செயின்பிளேட்டுக்குப் பக்கத்துப் பலகை மட்டும் புதிதாக இருந்தால் அங்கே நீர் கசிந்திருக்கிறது என்றுதானே நினைப்பார்! மனைவி போனில் பழைய பலகையின் படத்தைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, படத்தை அனுப்பச் சொல்லி அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டார்.

படி 8: கைமாற்றம்

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகி, பணம் உங்கள் கணக்கில் முழுதாக ஏறும்வரை இன்சூரன்ஸை ரத்து செய்யாதீர்கள். பத்திரத்தில் தேதியோடு நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். புதியவர் வேறு நாட்டுக் கொடியில் பதியப் போகிறார் என்றால் உங்கள் பதிவை நீக்கிய சான்று அவருக்கு வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

எழுதிய பிறகு சேர்த்தவை

ஆபத்தில் மீட்பு மையத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் இபிர்ப் கருவியை மறந்துவிட்டாயே என்று நான்கு பேர் எழுதினார்கள், நியாயம்தான். 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். மாற்றாவிட்டால், புதியவர் நடுக்கடலில் அதை அழுத்தும்போது மீட்பு மையம் உங்களுக்குத்தான் போன் செய்யும். கொடி மாறினால் அதற்குள் இருக்கும் நாட்டுக் குறியீட்டையும் மாற்ற வேண்டும். படகின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும் அப்படியே, முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிப்பது. படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கும் பல ஏஐஎஸ் கருவிகளில் அந்த எண்ணை ஒருமுறைதான் நாமே உள்ளிட முடியும், பிறகு அந்தக் கருவியை விற்ற நிறுவனம் வழியாகத்தான் அழிக்க முடியும்.

லித்தியம் பேட்டரி பற்றிக் கேட்டவருக்கு: நீங்களே பொருத்தியிருந்தால் வயரிங் வரைபடம், ஃபியூஸ் அளவுகள், பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கருவி) மாடல் எல்லாம் ஃபைலில் இருக்கட்டும். அமெரிக்கப் படகுத் துறையின் ஏபிஒய்சி அமைப்பு 2022இல் லித்தியம் பேட்டரிகளுக்கென்றே இ-13 என்ற தரநிலையை வெளியிட்டது. சர்வேயர்கள் அதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

வாங்குபவர் படகை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகப் போகிறார் என்றால், 1998 ஜூன் 16க்கு முன்பே அது அங்கே இருந்ததற்கான ஆதாரம் உண்டா என்று கேட்பார். இல்லையென்றால் பழைய படகுக்கும் சிஇ (ஐரோப்பியத் தரக் குறியீடு) மதிப்பீடு தேவைப்படும். வாட் வரி கட்டிய ரசீது இருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள்.

நீர் சுத்திகரிப்பான் விஷயத்தில் எனக்கே அடி விழுந்தது. படகு சும்மா நின்ற மாதங்களுக்காகச் அதன் வடிகட்டும் சவ்வைப் பாதுகாப்பு ரசாயனத்தில் ஊறவைத்திருந்தேன். பார்க்க வந்தவருக்கு இயக்கிக் காட்டுவதற்காக யாரோ கரைக் குழாயிலிருந்த குளோரின் நீரை, கார்பன் ஃபில்டர் இல்லாமல், அதற்குள் விட்டுவிட்டார்கள். குளோரின் பட்டால் அந்தச் சவ்வு கெட்டுவிடும். புதிய சவ்வு என் செலவு. இப்போது விற்கப் போகிறவர்கள் சுவிட்சின் மேல் ‘ஊறவைத்தது, தொடாதே’ என்று லேபிள் ஒட்டிவிடுங்கள். லேபிள் அச்சிடும் சின்ன மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். வால்வு, ஃபியூஸ், பம்ப் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டினேன், இதற்கு மட்டும் விட்டுப்போனது.