இலையுதிர் காலப் பின்னல் சவாலில் நம் ஊரிலிருந்து சேர்வது எப்படி?

செப்டம்பர் பிறந்தாலே பின்னல் குழுக்கள் களைகட்டத் தொடங்கிவிடும். அக்டோபர் முழுக்கக் காலுறை பின்னும் 'சாக்டோபர்', நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 கண்ணி பின்னி ஒரு ஸ்வெட்டரை முடிக்கும் சவால், வாரம் ஒரு பகுதியாக வடிவத்தை (எப்படிப் பின்னுவது என்ற குறிப்பை) வெளியிடும் மர்மச் சால்வை என்று வரிசையாக வரும். எல்லோரும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே கெடுவுக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மலேசியாவில், வேர்த்துக் கொட்டும் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். இங்கே பால்மரம் (ரப்பர் மரம்) இலை உதிர்ப்பதே பிப்ரவரி, மார்ச் வாக்கில்தான். அக்டோபரில் நமக்கு மழை. ஆனால் கோலாலம்பூர் போகும் விரைவுப் பேருந்திலும், மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் ஏர்கான் குளிரில் நடுங்கிய எல்லோருக்கும் ஒரு சால்வையின் அருமை தெரியும். நூலை மட்டும் நம் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டால் போதும், தாராளமாகச் சேரலாம்.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகள், கண்ணி ஏற்றுவது, முடிப்பது இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சவாலைத் தேர்ந்தெடுங்கள்

பின்னுபவர்களுக்கான ரேவலரி (Ravelry) இணையதளத்தில் இலவசக் கணக்கு திறந்தால் குழுக்களைத் தேடலாம். முகநூலிலும் இருக்கின்றன. சேருமுன் விதிகளை முழுக்கப் படியுங்கள்: பாதியில் நிற்கும் பழைய வேலையைச் சேர்க்கலாமா, தொடக்க நாளுக்கு முன்பே கண்ணி ஏற்றலாமா, படம் எங்கே போட வேண்டும்.

முதல் தடவை என்றால் சால்வையைத்தான் சொல்வேன். அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் போர்த்திக்கொள்ளலாம். ஸ்வெட்டர் சவாலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,670 கண்ணி பின்ன வேண்டும். அதோடு எந்தச் சவாலானாலும் அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளி வேறு குறுக்கே வரலாம். முறுக்கு பிழிந்த கையோடு ஊசியைப் பிடிக்க முடியாது. பலகார வாரத்தைக் கழித்துவிட்டு மிச்ச நாட்களுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

நூல் வாங்குவது

வடிவத்தில் மெரினோ கம்பளி என்று போட்டிருக்கும். நமக்குப் பருத்திதான் சரி. ஷாப்பி இணையக் கடையில் 'மில்க் காட்டன்' என்று மலிவாகக் கிடைப்பதில் பலவற்றில் அக்ரிலிக் கலந்திருக்கும். வியர்க்கும் கழுத்தில் அது ஒட்டும், பின்னும்போது இழையும் பிரியும். நான் முழுப் பருத்திக்குத்தான் ஓட்டுப் போடுவேன். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடினாலும் பரவாயில்லை.

எடையைப் பார்த்து வாங்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். ஒரே தடிமன் என்றாலும் பருத்தி கனமானது, அதனால் 100 கிராமில் கம்பளியை விட நீளம் குறைவாகத்தான் வரும். வடிவம் 400 மீட்டர் கேட்கிறது, உங்கள் உருண்டை 110 மீட்டர் என்றால் நான்கு உருண்டை வேண்டும். யார்டில் போட்டிருந்தால் 0.91-ஆல் பெருக்குங்கள். கூடவே அதே சாயத்தொகுதி எண்ணில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண்) ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு தேடினால் அதே நிறம் கிடைக்காது.

ஊசிக்கு என் தேர்வு 80 செ.மீ. மூங்கில் வட்ட ஊசி. உலோக ஊசியில் பருத்தி வழுக்கும். பாட்டி காலத்து ஊசி வைத்திருப்பவர்கள் எண்ணை நம்ப வேண்டாம்: பழைய பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. எப்போதும் மில்லிமீட்டரைத்தான் பாருங்கள்.

மாதிரித் துண்டு: இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்கத்தான் மாதிரித் துண்டு. அதைப் பின்னி, ஊசியில் இருக்கும்போதே ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுத் தொடங்குகிறோம். கம்பளிக்கே அது சரிவராது, பருத்திக்குச் சுத்தமாக ஆகாது. பருத்திக்கு மீள்தன்மை குறைவு. தன் கனத்தாலேயே கீழே இறங்கும்.

15 செ.மீ. சதுரமாவது பின்னி, கண்ணிகளை முடித்து ஊசியிலிருந்து எடுங்கள். கால் மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். முறுக்கிப் பிழியாமல், துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். மின்விசிறிக்கு அடியில் பரப்பிக் காய வையுங்கள். மழை நாளில் நன்றாகக் காய இரண்டு நாள் கூட ஆகும். காய்ந்த பிறகு மேல் விளிம்பைக் கொடியில் மாட்டி, கீழ் விளிம்பில் மூன்று நான்கு துணிக் கிளிப்புகளைத் தொங்கவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் எடுத்து, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள்.

வடிவத்தில் 22 கண்ணி, உங்களுக்கு 20 என்றால் இரண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். 200 கண்ணி ஏற்றும் ஸ்வெட்டரின் சுற்றளவு 91 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 100 செ.மீ. வந்து நிற்கும். கண்ணி குறைவாக இருந்தால் ஊசியைச் சிறிதாக்குங்கள், அதிகமாக இருந்தால் பெரிதாக்குங்கள். பிறகு மறுபடியும் ஒரு துண்டு. தொடக்க நாளுக்கு முன்னால் மாதிரித் துண்டு பின்னப் பெரும்பாலான குழுக்கள் அனுமதிக்கும், அதனால் செப்டம்பரிலேயே இதை முடித்துவிடுங்கள்.

தொடங்கிய பிறகு

சிக்கலான பகுதிக்கு முன்னால் வேறு நிற மெல்லிய நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து விடுங்கள். தவறினால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும். அப்புறம், வாரம் ஒரு படமாவது குழுவில் போடுங்கள். சந்தேகம் கேட்டால் ஸ்காட்லாந்தின் ஆர்க்னியிலிருந்தோ அமெரிக்காவின் ஓஹாயோவிலிருந்தோ யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வார். சேர்ந்து பின்னுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். பருத்தியில் காலுறை பின்னலாமா என்பது ஒரு தங்கையின் கேள்வி. முழுப் பருத்தி என்றால் கணுக்காலில் நிற்காமல் சரியும். நைலானோ, இழுபட்டு மீளும் எலாஸ்டேன் இழையோ கலந்த பருத்தி வாங்கி, பாதத்தின் சுற்றளவை விடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுங்கள்.

இன்னொரு அக்காவுக்கு நேரக் குழப்பம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணிக்கு வரும் குறிப்பு நமக்கு இரவு 9-க்குக் கிடைக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதிலிருந்து இரவு 10. அக்டோபர் 31 நள்ளிரவுதான் கெடு என்று அங்கே போட்டிருந்தால் நமக்கு நவம்பர் 1 நண்பகல் வரை நேரம் இருக்கிறது அக்கா, காலையில் எழுந்து வெளிச்சத்தில் நிதானமாகப் படம் எடுத்தே அனுப்பலாம்.