கற்பனைப் படைப்போருக்கான விதிநூலைத் தேர்ந்தெடுக்கும் முறை

மந்திரவாதிகளும் குள்ளர்களும் எலும்புக்கூட்டுப் படைகளும் மோதும் மேசைப்போர் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர், பெரும்பாலும் கண்ணைக் கவர்ந்த மினியேச்சர் உருவங்களை முதலில் வாங்கிவிட்டு, அவற்றைக் கொண்டு எந்த விதிகளின்படி ஆடுவது என்பதைப் பிறகே யோசிக்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் செலவும் ஏமாற்றமும் குறையும். விதிநூலையும் அதன் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் மேசை, உங்கள் பொறுமை, உங்களோடு ஆடப்போகிறவர் ஆகிய மூன்றையும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: மேசையையும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள்

28 மி.மீ. உயர உருவங்களை அணிவகுத்து நிறுத்தும் பெரும்போர் விளையாட்டுகள் பொதுவாக 6 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட பரப்பைக் கேட்கின்றன. ஃப்ராஸ்ட்கிரேவ் போன்ற சிறுகுழு விளையாட்டுக்கு 3 அடிச் சதுரம் போதும். 1991-இல் வெளிவந்த ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ் என்னும் விதிநூல், 15 மி.மீ. உருவங்களைப் பயன்படுத்தினால் 2 அடிச் சதுரத்துக்குள்ளேயே ஒரு முழுப் போரை முடித்துவிடும். வண்ணம் தீட்டும் வேலையையும் இங்கேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: ஓர் உருவத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், பத்துப் பேர் கொண்ட குழுவுக்குப் பத்து மணி நேரமும், 120 பேர் கொண்ட படைக்கு 120 மணி நேரமும் ஆகும்.

படி 2: படையா, குழுவா என்று முடிவு செய்யுங்கள்

ஃப்ராஸ்ட்கிரேவில் நீங்கள் நடத்துவது ஒரு மந்திரவாதியையும் அவருடைய சீடரையும் அதிகபட்சம் எட்டு வீரர்களையும்தான். ஒவ்வோர் உருவமும் தனித்தனியாக நகரும், காயம்படும், மந்திரவாதி ஓர் ஆட்டத்தில் பெற்ற அனுபவம் அடுத்த ஆட்டத்துக்கும் தொடரும். கிங்ஸ் ஆஃப் வார் என்னும் பெரும்போர் விளையாட்டில் இருபது பேர் கொண்ட ரெஜிமென்ட் எனப்படும் அணி முழுவதும் ஒரே காயைப் போலத்தான் நகரும். அங்கே தனி வீரனுக்குக் கதை கிடையாது, ஆனால் எதிரியின் பக்கவாட்டில் பாய்ந்தால் தாக்குதல்கள் இரட்டிப்பாகும், முதுகுப்புறத்தில் பாய்ந்தால் மும்மடங்காகும் என்பதால், அணியை எங்கே, எந்தத் திசை நோக்கி நிறுத்துகிறோம் என்பதே ஆட்டத்தின் உயிராகிவிடுகிறது. பெரும்போர் வேண்டும் என்று சொல்லி வருகிறவர்களில் பலர் உண்மையில் விரும்புவது, பெயர் வைத்து வளர்க்கத்தக்க ஒரு நாயகனைத்தான் என்பது என் கணிப்பு. உங்களுக்கு எது வேண்டும் என்பதை இந்தப் படியிலேயே நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 2015-இல் வெளிவந்த டிராகன் ராம்பன்ட் என்னும் விதிநூல். அதில் ஒரு படையின் மதிப்பு பொதுவாக 24 புள்ளிகள். ஒவ்வோர் அணிக்கும் 6 அல்லது 12 வலிமைப் புள்ளிகள் உண்டு. அந்த வலிமையைப் பன்னிரண்டு சிறு உருவங்களாகவும் காட்டலாம், ஒரே ஒரு பூதமாகவும் காட்டலாம் என்பதால், கையில் இருப்பதைக் கொண்டே தொடங்க நினைப்பவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை.

படி 3: அடித்தட்டை ஒட்டும் முன் விதியைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பேஸ் எனப்படும் அடித்தட்டின் வடிவமும் அளவும், அணி எவ்வளவு அகலமாக நிற்கும், எத்தனை பேர் எதிரியைத் தொடுவார்கள் என்பனவற்றை நேரடியாகத் தீர்மானிக்கின்றன. 1983-இல் தொடங்கிய வார்ஹாமர் கற்பனைப் போர் என்னும் விளையாட்டு 2015-இல் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் ஏஜ் ஆஃப் சிக்மார் வந்தபோது சதுரத் தட்டுகளுக்குப் பதில் வட்டத் தட்டுகள் வழக்கத்துக்கு வந்தன. 2024-இல் பழைய விளையாட்டின் மறுவருகையாக த ஓல்ட் வேர்ல்ட் வெளியானபோது சதுரம் திரும்பியது, ஆனால் முன்பு 20 மி.மீ. தட்டில் நின்ற மனிதக் காலாட்படை இப்போது 25 மி.மீ. தட்டுக்கு மாறிவிட்டது. பசை போட்டு ஒட்டிய நூறு உருவங்களைப் பெயர்த்து மீண்டும் ஒட்டுவது யாருக்கும் பிடித்த வேலையாக இராது. எந்த விதி என்று உறுதியாகவில்லை என்றால், உருவங்களைச் சிறிய தனித்தட்டுகளில் நிறுத்தி, அவற்றை ஏந்தும் பெரிய தட்டுகளை விதிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: யார், எப்போது நகர்த்துவார் என்று பாருங்கள்

ஒருவர் தம் படை முழுவதையும் நகர்த்திய பிறகே மற்றவர் நகர்த்தும் முறை கற்பதற்கு எளிது; ஆனால் எதிரே இருப்பவர் நெடுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேரும். கிங்ஸ் ஆஃப் வார் இந்தக் குறையை, முறை யாருடையதோ அவரே எல்லாப் பகடைகளையும் உருட்டுவார் என்ற ஏற்பாட்டால் தணித்து, ஆட்டத்தை வேகமாக்குகிறது. ஏஜ் ஆஃப் ஃபேன்டஸி என்னும் விதித்தொகுப்பில் இருவரும் மாறி மாறி ஒவ்வோர் அணியாக நகர்த்துவதால், சும்மா இருக்கும் நேரம் மிகக் குறைவு; அதன் அடிப்படை விதிகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. டிராகன் ராம்பன்டில் அணி உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறதா என்பதற்கே இரண்டு பகடைகள் உருட்ட வேண்டும். தோற்றால் உங்கள் முறை அங்கேயே முடிந்து எதிரிக்குப் போய்விடும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் கட்டளை 36-இல் 21 தடவைதான் பலிக்கும். இதை ரசிப்பவர்களும் உண்டு, வெறுப்பவர்களும் உண்டு. உங்கள் நண்பர் இரண்டாம் வகை என்றால் அந்த நூலைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: பகடையின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள்

இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழ வாய்ப்பு 5 சதவீதம்தான். ஆகவே சாதாரண அடியாள் ஒருவன் பெருவீரனை வீழ்த்தும் திடீர்த் திருப்பங்கள் அடிக்கடி நேரும். இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோ நடுவில் குவியும்: 7 விழ 36-இல் 6 வாய்ப்புகள், 12 விழ ஒரே ஒரு வாய்ப்பு. திட்டமிட்டு ஆட விரும்புவோருக்கு இரண்டாவதே ஒத்துவரும்.

படி 6: அட்டைத்துண்டுகளால் ஒத்திகை பாருங்கள்

இரண்டு நூல்கள் மட்டும் மிஞ்சும்வரை வடிகட்டிய பின், எதையும் வாங்காமல் தடித்த அட்டையை வெட்டுங்கள். 20 மி.மீ. தட்டில் நிற்கும் இருபது பேர் ஐந்து பேர் அகலத்தில் நான்கு வரிசையாக நின்றால், அது 100 மி.மீ. அகலமும் 80 மி.மீ. ஆழமும் கொண்ட செவ்வகம். ஒரு பக்கத்துக்கு நான்கு துண்டுகள் போதும். புத்தகக் குவியல்களைக் குன்றுகளாக வைத்து, மந்திர விதிகளை முதல் ஆட்டத்தில் ஒதுக்கிவிட்டு ஆடுங்கள். மந்திரத்தை இரண்டாம் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். விதிநூலை எத்தனை தடவை புரட்ட நேர்ந்தது என்பதை ஒரு தாளில் கோடிட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் ஆட்டத்திலும் கோடுகள் குறையவில்லை என்றால், அட்டைகளைக் கலைக்காமல் அடுத்த நூலை எடுத்து அதே போரை அதன் விதிகளின்படி மீண்டும் நடத்திப் பாருங்கள்.