பழைய ஸ்டுடியோ மைக் வாங்கும்முன் உள்ளே பாருங்கள்

ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1949-இல் அறிமுகப்படுத்திய யு 47 போன்ற பழைய மைக்கை, குரல் பதிவுக்கும் பயன்பட வேண்டும், பின்னாளில் விற்றால் போட்ட பணமும் திரும்ப வேண்டும் என்ற எண்ணத்துடன் வாங்குபவர்கள், வெளிக்கூட்டின் பளபளப்பை விட்டுவிட்டு உள்ளிருக்கும் இரண்டு பாகங்களை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, டெலிஃபுங்கன் நிறுவனம் தயாரித்த விஎஃப் 14 வால்வு, அதாவது மைக்கின் மெல்லிய மின் சமிக்ஞையைப் பெருக்கும் வெற்றிடக் குழல். அதன் உற்பத்தி 1950-களிலேயே நின்றுவிட்டதால், மூல வால்வு இருப்பதும் இல்லாததும் விலையைப் பெரிதும் மாற்றிவிடும். நியூவிஸ்டர் என்ற சிறிய உலோகக் கூட்டு வால்வு போன்ற மாற்று வால்வு பொருத்திய மைக் பதிவுக்கு நன்றாகவே உழைக்கக்கூடும். ஆனால், மூல வால்வு உள்ளதற்குரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒலியை உணரும் எம் 7 காப்ஸ்யூல். அதன் பிவிசி சவ்வு வயதாக ஆகக் காய்ந்து விரிசல் விடும் இயல்புடையது என்பதால், சவ்வு மாற்றப்பட்டதா, யார் மாற்றினார், எந்தப் பொருளால் மாற்றினார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மைக்கை அதற்குரிய பவர் சப்ளையில் அரை மணி நேரம் சூடாக விட்டு, அமைதியான அறையில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். விட்டுவிட்டு வரும் படபடப்பு ஈரப்பதத்தையோ அழுக்கையோ காட்டலாம். பழுதுபார்க்கும்போது கழற்றிய மூல பாகங்களைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அடுத்து வாங்குபவர் அவற்றையும் கேட்பார்.