டீசல் காரில் கிழிந்த டர்போ ஹோஸை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

மேட்டில் கார் இழுக்கவில்லை, மிதித்தால் பானட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம், பின்னால் கரும்புகை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பலர் டர்போவே (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அதற்கு முன் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைப் பாருங்கள். ஸ்கேனரில் பி0299 (டர்போ அழுத்தம் போதவில்லை என்ற பிழைக் குறியீடு) என்று வந்தாலும் முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான் விழ வேண்டும்.

புகை ஏன் வருகிறது? உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது சொன்ன கணக்குக்குத்தான் டீசல் பீய்ச்சப்படுகிறது. ஆனால் பாதிக் காற்று வழியிலேயே ஓட்டை வழியாகப் போய்விடுவதால் டீசல் சரியாக எரிவதில்லை.

கிழிசலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். ஐடிலில் டர்போவின் அழுத்தம் மிகக் குறைவு, அதனால் காதை வைத்துக் கேட்டுப் பயனில்லை. என்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்தால் வாய் திறக்கும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்த இடம் நல்ல அடையாளம். அடிப்பக்கத்தையும் கிளிப் ஓரத்தையும் விடாதீர்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் பசை இருப்பது சாதாரணம். எண்ணெய் தேங்கி நின்றால் டர்போவை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

புது ஹோஸைச் சேசிஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள், கூடவே புதுக் கிளிப்புகளும். அளவு ஒத்துப்போகிறது என்று ரேடியேட்டர் ஹோஸை மாட்டாதீர்கள். எண்ணெய் ஆவி பட்டால் அந்த ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். டேப் சுற்றுவதும் வேலைக்காகாது.

சரி, கழற்றலாம். அடித்தட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் காருக்கு ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. கிளிப் இருக்கும் நிலையைப் போட்டோ எடுத்துவிட்டுத் தளர்த்துங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி விடுவியுங்கள். திருப்புளியால் நெம்பினால் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் வாய் உடையும், அப்புறம் செலவு பல மடங்கு. திறந்த வாய்களைத் துணியால் அடையுங்கள். பழைய ஹோஸில் ரப்பர்த் துண்டு எதுவும் காணாமல் போயிருந்தால் அதைத் தேடி எடுக்காமல் மேலே போகாதீர்கள். அது என்ஜினுக்குள் போய்விடக் கூடாது.

மாட்டும்போது முக்கியமான வேலை துடைப்பதுதான். குழாய் வாயிலும் ஹோஸின் உள்விளிம்பிலும் எண்ணெய்ப் பசை மிஞ்சினால், எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் கழன்று ஓடும். பனியன் வேஸ்டால் காய்ந்த பதத்துக்குத் துடையுங்கள். அடைத்த துணியை எடுங்கள். குழாய் முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஹோஸை முழுக்கத் தள்ளி, கிளிப்பைக் குழாய் முனையிலிருந்து தள்ளி, அந்த மேட்டுக்கு உட்புறமாக வைத்து இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்குப் போனால் கிளிப்பே அதை வெட்டும். கம்பிக் கிளிப் வகை என்றால் உள்ளிருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) சரிபார்த்து, 'டக்' என்று பூட்டும்வரை தள்ளுங்கள்.

ஏதாவது மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் நன்றாக மிதித்து ஏற்றிப் பாருங்கள். வீடு வந்து, என்ஜின் ஆறியதும் கிளிப்புகளை ஒருமுறை சோதியுங்கள். சத்தமும் புகையும் இன்னும் இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது மறுபக்க ஹோஸும் இன்டர்கூலரும்.