சந்தைச் சுதந்திரம் பேசுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

திருச்சியிலிருந்து வந்திருந்த மச்சான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, “சிங்கப்பூரப் பாருங்க மாப்ளே, கவர்ன்மென்ட் எதுலயும் தலையிடல, அதான் இந்த வளர்ச்சி” என்றார். விருந்தாளி, அதுவும் மனைவியின் அண்ணன். உடனே மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த வீட்டைக் கட்டியது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக. அது நிற்கும் நிலம் அரசுடையது. எங்களுக்கு இருப்பது 99 ஆண்டுக் குத்தகைதான். மாதத் தவணை, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் மத்திய சேம நிதியிலிருந்து போகிறது. அந்த நிதியில் சேர விருப்பமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

நானும் மச்சான் தரப்புதான். அவரவர் உழைப்பையும் பணத்தையும் அவரவர் இஷ்டப்படி பயன்படுத்தட்டும், விலையை வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசி முடிக்கட்டும், அரசாங்கம் காவலையும் நீதிமன்றத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும் என்று நினைப்பவன். அதனாலேயே எங்கள் தரப்பு வாதம் சறுக்கும் இடங்கள் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. கோப்பிக்கடை மேசைகளில் கேட்டவையும் இதில் உண்டு, நானே செய்தவையும் உண்டு.

தரவரிசைப் பட்டியலைத் தூக்கிக் காட்டுவது

அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் பொருளியல் சுதந்திரப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. 2019 வரை ஹாங்காங் தொடர்ந்து முதலிடம். 2020-இல் அந்த இடம் சிங்கப்பூருக்கு வந்தது. இதைக் காட்டிவிட்டால் வாதம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

பட்டியல் பொய்யில்லை. மது, புகையிலை, பெட்ரோலியம், வாகனம் போன்ற சிலவற்றைத் தவிர இங்கே இறக்குமதிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. நிறுவனம் தொடங்குவது எளிது, வரி குறைவு, ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் கேட்கும். ஆனால் இதே ஊரில் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அரசின் கையில். 1966-இல் வந்த நில எடுப்புச் சட்டம் அதற்குப் பெரிதும் உதவியது. குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். 55 வயதுக்கு உட்பட்டவர் சம்பளத்தில் 20 விழுக்காடு அவர் பங்காகவும் 17 விழுக்காடு முதலாளி பங்காகவும், வரம்புக்கு உட்பட்டு, சேம நிதிக்குப் போகிறது. 1974-இல் தொடங்கிய அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக், பல நிறுவனங்களில் அரசின் பங்குகளை வைத்திருக்கிறது.

எதிர்த்தரப்பும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது: “பார்த்தீர்களா, அரசாங்கம் நடத்தினால்தான் உருப்படும்.” சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பங்கு தெமாசெக்கிடம் என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனத்துக்கு உள்நாட்டு வழித்தடம் என்று ஒன்றுகூட இல்லை. ஏறுகிற பயணி ஒவ்வொருவருக்கும் வேறு நாட்டு விமானத்தில் போக வழி உண்டு. சொந்தக்காரர் அரசாக இருந்தாலும் போட்டி விடாது. இந்த ஊரை ஒரே வரியில் எந்தக் கட்சிக்கும் சாட்சியாக நிறுத்த முடியாது. ஒவ்வொரு துறையாகப் பிரித்துத்தான் பேசவேண்டும்.

அரசாங்கத்தை முட்டாள் என்றோ திருடன் என்றோ சொல்லித் தப்பிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது எளிதில் வாய்க்கும், காரணமும் உண்டு. ராஜாஜி 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, ‘லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்’ என்று எதைச் சாடினாரோ, அதில் கையெழுத்துக்காகக் காத்து நின்றவர்களின் பிள்ளைகள் நாம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கும்.

ஆனால் அந்த வாதம் சிங்கப்பூரில் எடுபடாது. இங்கே அதிகாரிகள் படித்தவர்கள், லஞ்சம் அபூர்வம், சொன்னதைச் செய்கிறார்கள். அப்படியானால் தலையிடலாமா? இங்கேதான் நம் வாதம் உண்மையில் சோதனைக்கு வருகிறது. பொருளியலாளர் ஹாயெக் 1945-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த கருத்து, ஆள் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றியதே அல்ல. யாருக்கு என்ன தேவை, எது எங்கே கிடைக்கும், எதற்குப் பதில் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்ற அறிவு இலட்சக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டி ஒரு மேசைக்குக் கொண்டுவர முடியாது. விலை அதைத் திரட்டித் தருகிறது. விலையை மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தால் அந்தச் செய்தி அறுந்துபோகிறது.

இதற்குச் சிங்கப்பூர் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. நம்மில் பலர் பயன்படுத்துவதில்லை. 1972-இல் அமைந்த தேசிய சம்பள மன்றத்தில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் உண்டு. 1979 முதல் 1981 வரை அது வேண்டுமென்றே பெரிய சம்பள உயர்வுகளைப் பரிந்துரைத்தது. ஆள்பலத்தை நம்பிய மலிவுத் தொழில்கள் விலகட்டும், இயந்திரமும் திறனும் வரட்டும் என்பது திட்டம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறமும் செலவு ஏறிக்கொண்டே போனது. சேம நிதிச் சந்தாவும் ஏறி, 1984-இல் ஊழியருக்கு 25, முதலாளிக்கு 25 என்று சம்பளத்தில் பாதி அளவைத் தொட்டது. 1985-இல் பொருளியல் சுருங்கியது. வெளிநாட்டுத் தேவை குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங் தலைமையிலான பொருளியல் குழு, உள்ளூர்ச் செலவுகள் மிஞ்சிப்போனதையும் மறைக்காமல் சொன்னது. 1986-இல் முதலாளி பங்கு 25-லிருந்து 10 விழுக்காடாக வெட்டப்பட்டது.

கெட்ட எண்ணம் இல்லை, ஊழல் இல்லை, அறிவுக்கும் பஞ்சம் இல்லை. இருந்தும் கணக்குத் தப்பியது. தலையீட்டுக்கு எதிராகப் பேச இதைவிட நேர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது. கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அதே அரசு தவற்றை ஒப்புக்கொண்டு ஓராண்டுக்குள் திருத்தியது. இது எல்லா ஊரிலும் நடப்பதில்லை.

நோக்கத்தோடு சண்டை போடுவதும் இதே வகைதான். போர் முடிந்து வீட்டுக்குப் பஞ்சம் வந்த காலத்தில், 1947-இல் இங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்த முடியாது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஏழைகளைக் காப்பதுதான் நோக்கம். அதில் குறை காண ஒன்றுமில்லை. விளைவைப் பாருங்கள். அற்ப வாடகை வரும் கட்டடத்துக்கு எந்த உரிமையாளர் கூரை மாற்றுவார்? ஓடு உடைந்தது, உத்தரம் உளுத்தது, சுவரில் செடி முளைத்தது. தலைமை வாடகைதாரர் பலகை வைத்துத் தடுத்து, காற்று வராத சின்னச் சின்ன அறைகளாக்கி உள்வாடகைக்கு விட்டார். அவர் உரிமையாளருக்குக் கொடுப்பது பழைய வாடகை. அறைவாசிகளிடம் வாங்குவதோ ஊர் நிலவரப்படி. காப்பாற்றவேண்டிய ஏழை அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தார், காசு இடையில் இருந்தவரிடம் போனது.

சட்டம் முழுவதுமாக நீங்கியது 2001-இல். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நீக்கும்போதும் வலித்தது, பழைய வாடகையையே நம்பி நடந்த சின்னக் கடைகள் புது வாடகை கட்ட முடியாமல் இடம் காலி செய்தன. நம் தரப்பார் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விழுங்கிவிடுகிறார்கள். சேர்த்துச் சொல்லுங்கள், வாதம் பலமாகும். தலையீட்டைத் தொடங்குவதைவிட முடிப்பதற்குத்தான் விலை அதிகம் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஏலம் இருந்தால் சந்தை என்று எண்ணுவது

2023 அக்டோபரில், பெரிய கார்களுக்கு அரசு ஏலத்தில் விடும் வாகன உரிமைச் சான்றிதழின் விலை 150,001 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தொட்டது. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு வெள்ளியைக் கவனியுங்கள். ஏலத்தில் தோற்றவர்களில் அதிகமாகக் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளியைக் கூட்டி, வென்றவர்கள் எல்லாரும் அதையே கட்டுகிறார்கள். ஆக, யாரோ ஒருவர் 150,000 வெள்ளி கொடுக்கத் தயாராக இருந்தும் தோற்றிருக்கிறார். கார் வாங்க அல்ல, பத்தாண்டு கார் வைத்திருக்கும் உரிமை வாங்க.

இதைச் சிலர் சந்தைத் தீர்வு என்று மெச்சுவார்கள். எத்தனை சான்றிதழ் என்பதை முடிவு செய்வது நிலப் போக்குவரத்து ஆணையம். ஏலம் அந்தக் குறிப்பிட்ட எண்ணிக்கையைப் பங்கிடுகிறது, அவ்வளவே. சிபாரிசுக் கடிதத்தைவிடவும் வரிசையைவிடவும் அது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் சுங்கமில்லாத் துறைமுகம் என்று பெயரெடுத்த இதே ஊரில், அபினி விற்கும் ஏகபோக உரிமையைக்கூட ஏலத்தில்தான் விட்டார்கள். அதைச் சுதந்திரச் சந்தை என்று யாரும் சொல்லமாட்டோம். என்னைக் கேட்டால், 1998-இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணம்தான் விலை என்ற சொல்லுக்கு நெருக்கமானது. நெரிசல் நேரத்தில் சாலையைப் பயன்படுத்துகிறவர் அதற்குக் கொடுக்கிறார், மற்ற நேரம் வண்டி வீட்டில் கிடந்தால் எதுவும் இல்லை.

முதலாளிக்கு நல்லதெல்லாம் சந்தைக்கு நல்லது என்பது

ஆடம் ஸ்மித்தே 1776-இல் எச்சரித்தார்: ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடினால் பேச்சு விலையை ஏற்றும் சதியில்தான் முடியும் என்று. வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையைக் குறைக்கவேண்டும் என்று கேட்கும் முதலாளிகளில் எத்தனை பேர், ஊழியர் தம் இஷ்டப்படி வேறு முதலாளியிடம் போகலாம் என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் இடித்து நடக்கும் நம் ஊர்த் தம்பிகளில் பலர் கட்டுமான வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள். முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர்கள். அந்தச் சீட்டு அவர்களை ஒரு முதலாளியோடு கட்டிவைக்கிறது. காலாவதியாகும் கட்டம் வரும்வரை, அவர் சம்மதமில்லாமல் மாறுவது பொதுவாக முடியாது. தனிமனிதச் சுதந்திரத்தைப் பற்றி உருகுகிறவர்கள் தொடங்கவேண்டிய இடம் நிறுவன வரி அல்ல, இந்தச் சீட்டு என்பது என் கருத்து. பேச்சுச் சுதந்திரமும் கூட்டம் கூடும் உரிமையும் மேலே சொன்ன பட்டியலில் அளக்கப்படுவதே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடினமான கேள்வி வந்ததும் நழுவுவது

1989 முதல் வீவக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. ஒரு கட்டடத்தில் ஒவ்வோர் இனத்தாருக்கும் இத்தனை வீடுகள்தான் என்று உச்ச வரம்பு உண்டு. ஒரு கட்டடத்தில் சீனர் வீடுகள் அவர்களுக்கான வரம்பான 87 விழுக்காட்டைத் தொட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்கவேண்டும். சீனத் தம்பதி வந்து பார்க்கிறார்கள், அடுப்படி பிடிக்கிறது, விலையும் ஒத்துப்போகிறது. ஆனால் விற்க முடியாது. மலாய்க்காரரோ இந்தியரோ வரும்வரை காத்திருக்கவேண்டும். வாங்குவோர் கூட்டம் சிறுத்தால் விலை இறங்கும். பக்கத்து வீட்டுச் சீனர் அதே அளவு வீட்டை யாருக்கும் விற்கலாம்.

“தலையீடு, ஒழிக்கவேண்டும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் வாடகைக்கு அறை தேடிய இந்தியர் எவரையும் கேளுங்கள், ‘இந்தியர் வேண்டாம்’ என்ற விளம்பரத்தைப் பற்றிச் சொல்வார். அதுவும் இரண்டு பேர் சுதந்திரமாகப் பேசிமுடிக்கும் ஒப்பந்தச் சந்தைதான். எல்லாரையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டால் தனித்தனி இனப் பேட்டைகள் உருவாகிவிடும் என்ற அச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ள என்னால் முடியவில்லை.

என் நிலைப்பாடு இப்போதைக்கு இதுதான். இந்தக் கொள்கையின் பலன் ஊருக்கு. செலவோ விற்கப் போன அந்த ஒரு குடும்பத்துக்கு. அதுதான் தவறு. 2022 முதல், உண்மையிலேயே விற்க முடியாமல் தவிக்கும் வீடுகளை வீவக திரும்ப வாங்கிக்கொள்ள வழி செய்திருக்கிறது. சுமை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அரசே ஏற்றுக்கொண்டதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன். இன்னும் ஒரு படி போய், விலை வித்தியாசம் முழுவதையும் பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்டலாம் என்பேன்.

மச்சானிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நீங்களும் கவர்ன்மென்ட்டத்தானே கூப்பிடுறீங்க?” என்று சிரித்தார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.